ரயிலில் ஊர் மாறினோம், சௌக்கியம்: பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

என் தாத்தா 1950 டிசம்பரில் கொரியாவிலிருந்து வீட்டுக்குப் போட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது. பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நலம் விசாரிப்பே அரைப் பக்கம் போகிறது. செவலை மாடு கன்று போட்டதா என்று ஒரு கேள்வி, தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு கேள்வி. அப்புறம் "நிற்க" என்று போட்டு இரண்டே வரி: "போன வாரம் ரயிலில் ஊர் மாறினோம், சௌக்கியம். இங்கே குளிர் கொஞ்சம் அதிகம்."

அது எந்த ரயில் என்று உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொரியப் போருக்குச் சண்டை போட ஆள் அனுப்ப நேரு அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. அதுதான் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், மெரூன் தொப்பிக்காரர்கள், 350 பேருக்குக் கொஞ்சம் குறைவு. 1950 நவம்பர் 20ஆம் தேதி பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். பியோங்யாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சீனப் படை நெருங்கிவிட்டது, ஐ.நா. படைகள் பின்வாங்க ஆரம்பித்தன. ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வருகிறது, சாமான் ஏற்ற வண்டி இல்லை. மருந்து, ஆபரேஷன் கருவி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு ஆள் மட்டும் கிளம்பியிருக்கலாம். கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் அதற்கு உடன்படவில்லை. தேடிப்பிடித்ததில் ஒரு நீராவி இன்ஜினும் சில பெட்டிகளும் கிடைத்தன. பாய்லரில் தண்ணீர் இல்லை. ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் நம் ஆட்களிலேயே இருந்தார்கள். பாலத்தைத் தகர்ப்பதற்குள் ஆற்றைத் தாண்டி, சாமானோடு சியோல் வந்து சேர்ந்தார்கள்.

இத்தனையும்தான் "ரயிலில் ஊர் மாறினோம், சௌக்கியம்."

ஏன் தாத்தா, இவ்வளவு பெரிய கதையை இப்படிச் சுருக்கிவிட்டீர்களே என்று ஒருநாள் கேட்டேன். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பாப்பா. லெட்டர் வந்தா வாத்தியாரு வீட்டுத் திண்ணையில உக்காந்து சத்தமா படிப்பாரு. தெருவே கேக்கும். சீனாக்காரன் வர்றான், பாலத்துக்கு வெடி வச்சிருக்கான்னு எழுதினா அந்தம்மா சோறு தின்னுமா? அதுவும் இல்லாம, லெட்டர ஒட்டுறதுக்கு முன்னால இன்னொருத்தன் படிப்பான்" என்றார். அந்த இன்னொருத்தன் யார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தணிக்கை என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது.

வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர் எங்களுடையது. சாயங்காலம் ஆனால் டீக்கடை பெஞ்சில் பர்மாவும் லடாக்கும் லாகூரும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கொரியா என்றால் தாத்தா ஒருவர்தான். அதனால் சரிபார்க்க ஆள் இல்லை. அவர் சொன்னதுதான் கொரியா. இந்த மடலுக்குக் காரணமே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1952இல் சுட்டியில், அதாவது லீவில், வந்தபோது டீக்கடையில் சொன்ன கதை வேறு, ஆயாவுக்குச் சொன்னது வேறு, எங்களுக்குச் சொன்னது வேறு. டீக்கடையில் சொன்னதெல்லாம் பெரும்பாலும் சாப்பாடும் குளிரும். அமெரிக்கன் டப்பாவில் வரும் மாட்டிறைச்சியை யார் தின்றார்கள், யார் தின்னவில்லை, சிகரெட்டுக்கு எதை மாற்றிக்கொண்டார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாராம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொன்னது ஒழுக்கப் பாடம்: நேரத்துக்கு எழு, ஷூவைத் துடை, சாக்ஸைக் காய வை. சாக்ஸ் ஈரமாக இருந்தால் கால் விரல் கறுத்துப் போகும், வெட்டி எடுக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஈரச் சாக்ஸோடு யாராவது வாசற்படி ஏறினால் இன்றைக்கும் "விரலு போயிடும்" என்ற குரல் வரும். சொன்னவர் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எங்களுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, அவர் கதையை உடம்பால் சொன்னார். உங்கள் கோப்புகளில் இருக்க வழியில்லாத இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று மார்ஃபின், வலியை அடக்கும் ஊசி மருந்து. பல்பசை டியூபைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கி, தலையில் ஒரு ஊசியை வைத்தது மாதிரி இருக்கும் என்பார். குளிரில் உள்ளே இருக்கும் மருந்து உறைந்துவிடும். காயம்பட்டவன் கத்திக்கொண்டிருக்கும்போது அதைச் சூடு காட்டிக் கரைக்க முடியுமா? அதனால் வாயில் அடக்கிக்கொள்வார்கள். கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவே. "ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. வெத்தல பாக்கு அடக்குன மாதிரி." சொல்லிவிட்டு, சட்டைப் பையில் இருந்த பேனா மூடியை நிஜமாகவே வாயில் ஒதுக்கிக்கொண்டு, அப்படியே எங்களிடம் பேசிக் காட்டுவார். வார்த்தை குழறும். "டாக்டர் சாப் கேள்வி கேப்பாரு, நான் இப்படித்தான் பதில் சொல்லுவேன், அவரும் இப்படித்தான் திட்டுவாரு." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் பிளாஸ்மா பாட்டிலும் அப்படித்தான் உறையும். அதை வாயில் வைக்க முடியாது, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொள்வார்களாம். "புள்ளத்தாச்சி மாதிரி நடப்போம்" என்று எழுந்து நடந்து காட்டுவார். நடந்தவர் அன்றைக்கு எழுபத்தைந்து வயதுக் கிழவர். முட்டி வலி. அந்த நடை மட்டும் பிசகாது.

இரண்டாவது, குதிப்பது. எங்கள் வீட்டுத் திண்ணை மூன்றடி உயரம். விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அதன் மேல் வரிசையாக நிற்க வைப்பார். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு துணிக்கயிறு. மறுமுனை மேலே கொடிக் கம்பியில். அது 'ஹூக்' போட்டாகிவிட்டதாம். முன்னால் நிற்பவன் முதுகைப் பின்னால் நிற்பவன் தட்டிப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். பச்சைத் துண்டைத் தூக்கினால் குதிக்க வேண்டும். "ரெண்டு காலும் ஒட்டி இருக்கணும். முட்டி ஒட்டி இருக்கணும். தாடைய நெஞ்சுல வையி. கீழ பாக்காத, தரை தன்னால வரும். விழுந்தா உருளு, கை ஊணாத." நான் ஒருமுறை கையை ஊன்றி மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆயா அவரைத் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. அவர் நிதானமாக என் கையைப் பிடித்துப் பார்த்து, கிழிந்த வேட்டியில் பட்டி போட்டுவிட்டு, "எலும்பு முறியல. ஆனா நீ ஃபெயிலு" என்றார். ஆக்ராவில் ஐந்து குதி குதித்தால்தான் தோளில் சிறகு குத்துவார்களாம். நான் இரண்டாவது குதியிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தாத்தா 2009இல் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியப்பா ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்தார். "கொரியப் போரில் எதிரியின் கோட்டைக்குள் வானிலிருந்து குதித்த மாவீரர்." பின்னணியில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு படம்: அமெரிக்கச் சீருடையில் யாரோ ஒருவர் பாராசூட்டில் இறங்குகிறார். மேல் மூலையில் ஒரு ஜெட் விமானம் வேறு. ஊரே பார்த்தது. எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வரலாறு அதுதான்.

ஆனால் தாத்தா கொரியாவில் குதிக்கவில்லை. அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், ஒரு முறை இல்லை, பல முறை. 1951 மார்ச் 23ஆம் தேதி முன்சானியில் அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படைக்குழு குதித்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த எதிரிப் படைகளை இம்ஜின் ஆற்றுக்குத் தெற்கே மடக்கிப் பிடிப்பது திட்டம். 3,400 பேருக்கு மேல் குதித்தார்கள். அவர்களோடு நம் ஆட்கள் 12 பேர், ரங்கராஜ் தலைமையில் ஒரு அறுவை சிகிச்சைக் குழு. மீதிப் பேர் அப்போது 27ஆவது காமன்வெல்த் பிரிகேடோடு வேறு பக்கம் மலைகளில் இருந்தார்கள். தாத்தா அந்த மீதிப் பேரில் ஒருவர். "குதிச்சது பன்னெண்டு பேரு. என் பேரு லிஸ்ட்ல இல்ல. நான் லாரியில போனவன், லாரியில வந்தவன். ஆக்ராவுல குதிச்சதோட என் குதி முடிஞ்சு போச்சு" என்பார். சொல்லும்போது கொஞ்சம் வருத்தம் இருக்கும். லிஸ்டில் இருந்தவர்களில் ஒருவர் அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவராம். போகும்போது தன் சம்பளப் புத்தகத்தையும் கைக்கடிகாரத்தையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் வாங்கிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுது, சாவி குடுக்கலியா" என்றாராம். முன்சானியில் குதித்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் இருக்கும் நேரடித் தகவல் அந்தக் கடிகாரக் கதை மட்டும்தான்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு ஏன் பாப்பா இந்த வேலை? அவரு பாராசூட் ரெஜிமெண்டு தானே? கொரியா போனாரு தானே? அப்ப குதிச்சாருதான்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மகன் அப்பாவைப் பெருமையாகச் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் குதிக்காத ஒருவரைக் குதிக்க வைத்ததில், அவர் உண்மையில் செய்தது காணாமல் போய்விட்டது. ஃப்ளெக்ஸில் மார்ஃபின் இல்லை. பாய்லருக்குத் தண்ணீர் கைமாற்றியது இல்லை. 1951 ஏப்ரலில் காப்யோங் பள்ளத்தாக்கில் ஆஸ்திரேலியர்களும் கனடாக்காரர்களும் சீனப் படையை மறித்து நின்ற அந்த இரண்டு மூன்று நாள், நம் ஆட்கள் தூங்காமல் ஸ்ட்ரெச்சர் தூக்கியது இல்லை. பக்கவாட்டில் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு வந்து காயம்பட்டவர்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டரை முதன்முதலாகப் பார்த்துவிட்டு "தட்டான் மாதிரி இருந்துச்சு, ரெண்டு பக்கமும் முட்டை கட்டுன தட்டான்" என்று அவர் சொன்னதும் இல்லை.

ஆயாவுக்கு அவர் சொன்ன ஒன்று இருக்கிறது. அதை ஆயா என்னிடம் சொன்னது அவர் போன பிறகு. கூடாரத்துக்குள் இடம் இல்லாதபோது காயம்பட்டவர்களைப் பிரிப்பார்களாம்: உடனே உள்ளே போக வேண்டியவர், கொஞ்சம் பொறுக்கக்கூடியவர், உள்ளே கொண்டுபோய்ப் பயனில்லாதவர். மூன்றாவது வரிசை கூடாரத்தின் காற்றடிக்காத பக்கமாக இருக்கும். பிரிப்பது டாக்டர். தூக்கி வைப்பது தாத்தா. "அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனா, தூக்கிட்டுப் போறப்பவே அவனுங்களுக்குத் தெரிஞ்சிடுமாம். வலதுபக்கம் திரும்புனா உள்ள, இடதுபக்கம் திரும்புனா இல்ல. அதனால இவரு கொஞ்ச தூரம் வலதுபக்கம் போயிட்டு, சுத்திக்கினு வருவாராம். நாலு அடி கூட நடப்பாராம், அவ்ளோதான்." ஆயா இதை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. முறம் நிற்கவே இல்லை.

அந்த நாலு அடியை நான் எங்கே எழுதிக் கொடுப்பது? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன், பெயர் வேண்டாம். அன்றாடம் நடந்ததை யூனிட்டே எழுதி வைக்கும் போர் நாட்குறிப்பில், தாத்தா பணியாற்றிய காலத்து 1950 டிசம்பர் முதல் வாரத்துப் பக்கங்களும், முன்சானியில் குதித்தவர்களின் பெயர்ப் பட்டியலும் பார்க்கக் கிடைக்குமா என்று. "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகத்தின் வரம்பில் வராது" என்று ஒரு வரி வந்தது. வேறெந்த அலுவலகத்தின் வரம்பில் வரும் என்று அதில் இல்லை. தாத்தா இரண்டே வரியில் முடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் என்று தெரியவில்லை. அந்தக் காகிதத்தையும் அதே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன்.

2021 ஜூனில் உங்கள் அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. போர் நாட்குறிப்புகள், நடவடிக்கைப் பதிவேடுகள் எல்லாம் சாதாரணமாக 25 ஆண்டில் ரகசிய வகையிலிருந்து விடுவிக்கப்படும், ஆய்வுக்குப் பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும், போர் வரலாறுகளைத் தொகுக்க இணைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு இருக்கும், தேவைப்பட்டால் வரலாற்றாசிரியர்களும் அதில் இருப்பார்கள் என்று. நல்ல காரியம். கொரியாவுக்கு 25 ஆண்டு எப்போதோ ஆகிவிட்டது. மூன்று மடங்கு ஆகிறது. அதனால் நான் கேட்கப்போவது எந்த ரகசியத்தையும் உடைக்காது.

அந்தப் பிரிவின் நாட்குறிப்பை, பெயர்ப் பட்டியலோடு, ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் தேடினால் கிடைக்கும் விதத்தில் வையுங்கள். யூனிட் எண் தெரியாமல், ஆள் பெயரையும் ஊரையும் மட்டும் வைத்துத் தேடுகிறவர்கள்தான் எங்களில் அதிகம். பட்டியல் என்றால் அதிகாரிகள் பட்டியல் மட்டும் போதாது. ரங்கராஜின் பெயர் எங்களுக்குத் தெரியும். தெரிந்திருப்பதில் பெருமைதான். ஆற்காடு என்ற ஊர்ப்பெயர் அவர் பெயரிலேயே இருப்பதால் தாத்தா அவரை எங்கள் தாலுக்காக்காரர் மாதிரியே உரிமை கொண்டாடுவார். "நம்ம ஆற்காட்டுக் கர்னல்." 1941 அக்டோபரில் இந்திய ராணுவத்தில் பாராசூட் ஆரம்பித்தபோது குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். கூடக் குதித்தவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். 1944இல் மணிப்பூரின் சங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பாராசூட் பிரிகேடில் மருத்துவ அதிகாரி. கொரியாவுக்கு மகாவீர் சக்ரா. ராணுவத்தை விட்ட பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை விரட்டப் போனார். 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அந்த மாதத்தின் போர் நாயகராக அவரை அறிவித்தது. 2021 மார்ச்சில் டெல்லி கண்டோன்மென்டில் இந்தியா - கொரியா நட்புப் பூங்காவைத் திறந்தார்கள். அங்கே அந்த யூனிட்டுக்கும் இடம் கிடைத்தது. இதெல்லாம் சரி. அவர் பின்னால் வந்து தண்ணீர் கைமாற்றிய கைகள்? அவை எல்லாம் அதிகாரி அல்லாதவர்களைக் குறிக்கும் "பிற படிநிலையினர்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடைபட்டிருக்கின்றன. ஒரு சொல்லை மாற்றி "மற்றும் பலர்" என்று போட்டால் கல்யாணப் பத்திரிகையில் கடைசி வரி.

அடுத்தது, குடும்பங்கள் எழுதி வைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். நான் 1998லிருந்து தாத்தா சொன்னதை ஒரு கணக்கு நோட்டில் குறித்து வந்தேன். எண்பது பக்கம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் யார் சொன்னது, யாரிடம், எப்போது, கூட யார் இருந்தார்கள் என்று போட்டிருக்கிறேன். ஆயா சொன்னதென்றால் "ஆயா சொன்னது, தாத்தா சொன்னதாக" என்று. டீக்கடைக் கதைகளுக்குத் தனி மை. அவற்றை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனாலும் அடிக்கவில்லை. இதை வாங்கி வைக்க ஒரு மேசை வேண்டும். படித்துப் பார்த்து இது பொய், இது மெய் என்று தீர்ப்புச் சொல்லக் கேட்கவில்லை. நாட்குறிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், போதும். படிக்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒப்பிட்டால் என்ன வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றியது எதில்? தாத்தா சொன்னது ஹெல்மெட்டில். கழற்றிய ஹெல்மெட் கைமாறிப் போகும், திரும்பி வரும்போது வேறொருவன் ஹெல்மெட் வந்து சேரும், ஒருவாரம் எல்லாரும் அடுத்தவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்பார். அச்சில் நான் பார்த்த குறிப்புகளில் வாளி என்றிருக்கிறது. எது சரி? வாளி பத்தாமல் ஹெல்மெட்டையும் எடுத்தார்களா? அல்லது ஹெல்மெட் கதை டீக்கடையில் முளைத்ததா? அன்றைய நாட்குறிப்பில் ஒரு வரி இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கு இரண்டில் எது வந்தாலும் சம்மதம்தான். தாத்தா சொன்னது தவறென்று வந்தால் நோட்டில் பக்கத்தில் எழுதிக்கொள்வேன், அடிக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, மொழி. சாட்சியம் எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியிலேயே வாங்குங்கள். தாத்தா பேசியது வடாற்காட்டுத் தமிழ், நடுவில் முகாம் ஹிந்தி. கட்டுக்குப் பட்டி, லீவுக்குச் சுட்டி, சமையல்கூடத்துக்கு லங்கர். "புள்ளத்தாச்சி மாதிரி நடப்போம்" என்பதை ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதினால் "பிளாஸ்மா பாட்டில்கள் உடல் வெப்பத்தில் பாதுகாக்கப்பட்டன" என்று ஆகிவிடும். தகவல் சரிதான். நடை போய்விடும். மராத்தியில், பஞ்சாபியில், கூர்க்காலியில் சொன்ன தாத்தாக்களுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வீட்டாரை விடுவது நியாயமில்லை. பாராசூட் யூனிட்களில் இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: எழுபத்தொன்றில் பங்களாதேஷ் போரின்போது டாங்கைலில் குதித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். டிசம்பர் 11ஆம் தேதி சாயங்காலம் பூங்லி பாலத்தைப் பிடிக்க இறங்கிய 2ஆவது பாரா பட்டாலியன் குழுவில் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் தாத்தா கொடுத்த ஒரே பதில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதுதான். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேளுங்கள். பையில் என்ன இருந்தது, விழுந்தது குளத்திலா வயலிலா, முதல் நாள் ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆனது. அதற்குள் அவருக்கு ஆள் பெயர்கள் மறந்துவிட்டன. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போன நண்பர் பெயரைக் கடைசிவரை அவரால் சொல்ல முடியவில்லை. "மூக்கு நீளமா இருப்பான், பீகாரி. பாட்டு பாடுவான்" என்பதோடு நின்றுவிட்டது.

அந்தப் பெயர் உங்களிடம் இருக்கிறது. முன்சானியில் குதித்த 12 பேர் பட்டியலில், அதிகாரிகளுக்குக் கீழே, எங்கேயோ.

நோட்டின் நகல் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நேரில் கொண்டுவரச் சொன்னால் டெல்லி வருகிறேன். 34ஆம் பக்கம், ரயில் கதைக்கு எதிர்ப்பக்கம், எழுதாமல் விட்டிருக்கிறேன். அது நாட்குறிப்பு வந்தால் ஒட்டுவதற்கு.

இப்படிக்கு,
மிலிட்டரிக்காரர் வீட்டுப் பேத்தி
வேலூர் மாவட்டம்